பிளேட் ரன்னர்: 1982 வடிவமா, 2007 வடிவமா?

ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ படத்தைப் பார்க்க விரும்புவோரிடம் ரசிகர்கள் முதலில் கேட்பது, எந்த வடிவம் என்பதுதான். 1982இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த வடிவத்தில், கதையை விளக்கும் நாயகன் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரலும், காதலர் இருவரும் மலைவெளியில் தப்பிச் செல்லும் முடிவும் சேர்க்கப்பட்டிருந்தன. அம்மலைக் காட்சிகளில் சில ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து எஞ்சியவை என்பது ரசிகர்கள் சலிக்காமல் சொல்லும் செய்தி. 2007இன் இறுதி வடிவத்தில் இவ்விரண்டும் இல்லை. மாறாக, ஒற்றைக்கொம்புக் குதிரை வரும் கனவு இடம்பெற்று, செயற்கை மனிதர்களை வேட்டையாடும் நாயகனே செயற்கை மனிதனாக இருக்கலாமோ என்ற ஐயத்தைக் கிளப்புகிறது. விவாதம் இன்றும் ஓயாததற்கு அந்தக் கனவே பெரிய காரணம். பழைய குரலில் துப்பறியும் கதைகளின் மணம் உண்டு; ஆயினும், மழையில் செயற்கை மனிதர்களின் தலைவன் ராய் இறந்தபின் அக்குரல் குறுக்கிட்டு விளக்கம் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. முதன்முறை பார்ப்பவருக்கு 2007 வடிவத்தையே பரிந்துரைப்பேன்.