பெட்டியா, பிளக்-இன்னா? எம்பிசி ஒன், மஷீன் பிளஸ், டிஜிடாக்ட் ஒரு பக்கம்; சீரம், வைட்டல், டிவா மறுபக்கம்

எம்பிசி ஒன், மஷீன் பிளஸ், டிஜிடாக்ட் மூன்றும் கணினி இல்லாமலே பாட்டு செய்யும் பெட்டிகள். சீரம், வைட்டல், டிவா மூன்றும் பிளக்-இன்கள், அதாவது கணினியின் இசை மென்பொருளுக்குள் திறக்கும் சிந்த்கள் (சத்தத்தை உருவாக்கும் கருவிகள்). சீரம் வாங்கி வைத்திருப்பவர் எம்பிசி ஒன் வாங்கப் போகும்போது முதலில் கேட்பது, "இதை அதற்குள் ஏற்ற முடியுமா?" என்பதுதான். முடியாது. பெட்டிக்குள்ளும் ஒரு கணினிதான் இருக்கிறது. ஆனால் அது ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸ். விண்டோஸுக்கோ மேக்குக்கோ எழுதிய விஎஸ்டி (பிளக்-இன்களின் ஒரு வடிவம்) அங்கே வெறும் கோப்பு. எம்பிசிக்கென்றே தயாரித்த பிளக்-இன்கள் மட்டுமே உள்ளே போகும். 2020இல் வந்த மஷீன் பிளஸ்ஸில் இன்டெல் ஆட்டம் பிராசஸர் இருந்தும் நிலைமை மாறவில்லை. மாஸிவ், எஃப்எம்8, மோனார்க், ப்ரிசம் என நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தானே தேர்ந்து கொடுத்தவை ஓடும். கணினிக்கு வாங்கிய மற்றவர்களின் விஎஸ்டி ஓடாது. டிஜிடாக்ட் சாம்பிளர், அதாவது பதிந்த சத்தத் துண்டுகளை (சாம்பிள்) வாசிக்கும் கருவி; அதில் பிளக்-இன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒலித்தரத்தை வைத்து இரண்டு பக்கத்தையும் எடைபோடுவது வீண் வேலை. இரண்டிலும் நல்ல பாட்டு வருகிறது. நினைவகம் எவ்வளவு, செய்த சத்தத்தை நாளைக்குத் திருத்த முடியுமா, பாட்டு கடைசியில் எங்கே முடிகிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

எங்கே முட்டும்?

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ ஒலி ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். எம்பிசி ஒன்னில் ரேம் 2 ஜிபி. அதிலும் ஒரு பங்கை இயங்குதளம் எடுத்துக்கொள்ளும். டிரம் கிட், லூப், நாலைந்து குரல் டேக் என்று போகிறவருக்கு இது தாராளம். பல அடுக்கு வெலாசிட்டியுடன் (கீயை அழுத்தும் வேகம்) சாம்பிள் செய்த பியானோவை ஏற்றினால்தான் கழுத்தைப் பிடிக்கும்.

2017இன் முதல் டிஜிடாக்டில் ஒரு புராஜெக்டுக்கு 64 எம்பி. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் அது 11 நிமிடத்துக்கு மேல்; அரை விநாடி கிக் ஒன்றுக்கு 48 கேபிதான். அதன் உண்மையான குறை மோனோ. அகலமான கோரஸ் எஃபெக்ட் போட்ட, நீண்டு பரவி நிற்கும் பேட் சத்தத்தை இரண்டு சேனலையும் கூட்டி மோனோவாக்கினால் அலைகளின் ஃபேஸ் (ஏற்ற இறக்கம்) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சத்தம் மெலிந்துபோகும். இடது சேனலை மட்டும் தனியாக எடுத்து ஏற்றுவது மேல். 2024இன் டிஜிடாக்ட் 2இல் ஸ்டீரியோ, 16 டிராக், புராஜெக்டுக்கு 400 எம்பி வந்துவிட்டதால் இந்தத் தொல்லை இல்லை.

பிளக்-இன் பக்கம் முட்டுவது சிபியு. மொத்த மீட்டர் 40 சதவீதம் காட்டும்போதே சத்தம் வெடிக்கும். ஏனென்றால் ஒரு டிராக்கின் சிந்த்தும் அதன் எஃபெக்டுகளும் பெரும்பாலும் சிபியுவின் ஒரே கோரில்தான் (அதன் உட்பிரிவுகளில் ஒன்று) ஓடுகின்றன. அந்த ஒரு கோர் நிரம்பினால் போதும். டிவா இதில் பேர்போனது. மெட்டு போடும்போது அதன் அக்யூரசியை (ஒலித்தர அமைப்பு) மிகக் குறைந்த டிராஃப்டில் வையுங்கள். மிக உயர்ந்த டிவைனில் விட்டு எட்டு வாய்ஸ் (ஒரே நேரத்தில் எட்டு நோட்) அழுத்தினால் நல்ல கணினியும் திணறும். கடைசியில் உயர்ந்த தரத்துக்கு மாற்றி பவுன்ஸ் செய்தால் (ஆடியோ கோப்பாக எடுத்தால்) போதும். பணம் போடும் முன் பழகிப் பார்க்க வைட்டலின் இலவசப் பதிப்போ இலவச சிந்த்தான சர்ஜ் எக்ஸ்டியோ தாராளமாகப் போதும். வைட்டலில் இலவசத்துக்கும் விலைக்கும் ப்ரீசெட் (தயாராக வரும் சத்தங்கள்) எண்ணிக்கைதான் முக்கிய வேறுபாடு, சத்தம் உண்டாக்கும் எஞ்சின் ஒன்றே.

பிளக்-இன் சத்தத்தைப் பெட்டிக்குள் கொண்டுபோவது

எம்பிசியை யுஎஸ்பியில் இணைத்து கன்ட்ரோலராக ஓட்டினால், கணினியில் இருக்கும் எம்பிசி மென்பொருளுக்குள் சீரம் திறக்கும். கேபிளைப் பிடுங்கி அதே புராஜெக்டைத் தனியாகத் திறந்தால் அந்த டிராக் ஊமை. இதற்கு வழி ஆட்டோ சாம்பிளர்: கீ கீயாகச் சத்தத்தைப் பதிந்து கீகுரூப்பாக (கீபோர்டில் பரப்பிய சாம்பிள் தொகுப்பு) மாற்றித் தரும்.

கணக்கு இப்படி. சி1 முதல் சி6 வரை 61 கீ. மூன்று கீக்கு ஒன்று எடுத்தால் 21 சாம்பிள். மூன்று வெலாசிட்டி, 4 விநாடி அழுத்தம், விட்டபின் 2 விநாடி வால்: மொத்தம் 378 விநாடி, 16 பிட் ஸ்டீரியோவில் சுமார் 67 எம்பி. பேஸ் சத்தத்துக்கு இவ்வளவு தேவையில்லை. சி1 முதல் சி3, ஒரே வெலாசிட்டி, 3 விநாடி, மோனோ என்றால் இரண்டரை எம்பிக்குள் முடிந்துவிடும்.

பலரும் சறுக்குவது அதற்கு முந்தைய படியில். ப்ரீசெட்டை அப்படியே பதிந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் எல்எஃப்ஓ (சத்தத்தை மெதுவாக அலைய வைக்கும் பகுதி), ஃபில்டர் அசைவு, டிலே எல்லாம் சாம்பிளோடு உறைந்துவிடும். பக்கத்துக் கீயை அழுத்தினால் சுருதியோடு வேகமும் மாறும்: ஒரு செமிடோனுக்கு 6 சதவீதம். மூன்று கீக்கு ஒரு சாம்பிள் என்றால் இந்த 6 சதவீதத்தோடு தப்பிக்கலாம். ஆக்டேவுக்கு ஒன்று என்று சிக்கனம் பிடித்தால் ஓரத்துக் கீயில் 41 சதவீதம் வரை போய், ஒரே கார்டில் மூன்று நோட் மூன்று வேகத்தில் ஆடும். ஆகவே பதியும் முன் ரிவெர்ப், டிலே, எல்எஃப்ஓ மூன்றையும் அணையுங்கள். ஃபில்டரைத் திறந்து வைத்து, மூடித் திறக்கும் அசைவை எம்பிசியின் ஃபில்டரிலேயே திரும்பப் போடுங்கள். எல்எஃப்ஓ ஓடிக்கொண்டிருந்தால் லூப் போடும் இடத்திலும் துள்ளல் கேட்கும்.

இன்னொன்று, சீரமில் அலையை உண்டாக்கும் ஒவ்வொரு ஆசிலேட்டரிலும் ரேண்ட் என்ற நாப் இருக்கும். அது ஏறியிருந்தால் அலை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் தொடங்கும். பேட் சத்தத்துக்கு அழகு. பேஸில் ஒரு கீ அடித்துக் கேட்கும், அடுத்த கீ பஞ்சு மாதிரி அமுங்கும். பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுப் பதியுங்கள். கிளைடு (நோட்டிலிருந்து நோட்டுக்கு வழுக்குவது), லெகாட்டோ (இடைவெளியின்றி இணைத்து வாசிப்பது) இருக்கும் லீட் வரிகள் எந்தக் கணக்கிலும் சாம்பிளில் வராது. அந்த வரியை ஆடியோவாகவே பதிந்து ஏற்றுவதுதான் வழி.

விரலுக்கும் காதுக்கும் இடையே

கணினி ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்புகிறது; அந்தத் துண்டுதான் பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 128 சாம்பிள் (இங்கே ஒலியின் ஒற்றை அளவீடு) என்றால் தாமதம் 2.9 மில்லிசெகண்ட், 512 என்றால் 11.6. டிரைவரும் கன்வெர்ட்டரும் தம் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். பேட் சத்தம் வாசிக்க இது உறுத்தாது. விரலால் ஹை-ஹாட் தட்டுகிறவருக்கு 12 மில்லிசெகண்டே பின்னால் இழுக்கும். பெட்டியில் இந்தத் தாமதம் எப்போதும் ஒரே அளவு. டிராக் கூடக்கூட பஃபரை ஏற்றும் வேலை கிடையாது, கைப்பழக்கம் கலையாது. தட்டி வாசிக்கிறவருக்குப் பெட்டியைச் சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பெட்டியையும் கணினியையும் சேர்த்து ஓட்டும்போது மிடி கிளாக்கை (கருவிகள் ஒரே வேகத்தில் ஓட அனுப்பும் துடிப்பு) நம்பிப் பலர் நாளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு 24 துடிப்பு. யுஎஸ்பி வழியாகக் கணினி அனுப்பும்போது அவை சீராக விழுவதில்லை, டிரம் லேசாகத் தள்ளாடும். டெம்போவை இரண்டிலும் 120 என்று வைத்து, பெட்டியிலிருந்து ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து இறக்கினால் இந்தத் தலைவலியே இல்லை. எம்பிசி பெட்டி ஓடுவது 44.1 கிலோஹெர்ட்ஸில், வீடியோ வேலை 48இல் இருந்தால் ஒரே தடவை மாற்றுங்கள்.

பெட்டியிலிருந்து யுஎஸ்பியும் ஆடியோ கேபிளும் ஒரே கணினிக்குப் போனால் கீச்சொலி வரலாம். அது கிரவுண்ட் லூப் (இரு கேபிள்களின் தரையிணைப்பு வளையம்). யுஎஸ்பியைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் காரணம் அதுதான். பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிளோ யுஎஸ்பி ஐசோலேட்டரோ தீர்க்கும். சின்ன சிந்த்களின் 3.5 மில்லிமீட்டர் மிடி ஜாக்கில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு இணைப்பு முறை உண்டு. 2018இல் ஏ தரமாக்கப்பட்டாலும் பழைய கருவிகளில் பி இருக்கும். மாற்றிச் செருகினால் எதுவும் எரியாது, மிடி மட்டும் போகாது.

யாருக்கு எது

சாம்பிள் வெட்டி, தட்டி, அடுக்கிப் பாட்டு செய்கிறவர் எம்பிசி ஒன் பக்கம் போகலாம்; பேட்டரி வேண்டுமென்றால் எம்பிசி லைவ், ஒன்னில் பேட்டரி கிடையாது. ஒரே பேட்டர்னை முறுக்கி முறுக்கி மேடையில் வாசிக்கிறவருக்கு டிஜிடாக்டின் ஸ்டெப் சீக்வென்சரை (நோட்டுகளைப் படிப்படியாக அடுக்கும் பகுதி) மிஞ்ச ஆளில்லை. அதிலேயே முழுப் பாட்டையும் முடிப்பது சிரமம். மஷீன் பிளஸ், ஏற்கனவே நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நூலகம் வைத்திருப்பவருக்கு மட்டும். சத்தத்தையே உருவாக்குவதில் ருசி உள்ளவர், மிக்ஸில் பத்துத் தடவை திருத்துகிறவர் பெட்டிக்குச் செலவழிக்காமல் கணினியிலேயே இருக்கலாம்.

அப்படிக் கணினியில் இருப்பவர் பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு சிந்த் டிராக்கையும் ஆடியோவாக பவுன்ஸ் செய்து புராஜெக்டோடு வைத்துவிடுங்கள். 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்தபோது 32 பிட் பிளக்-இன்கள் ஒட்டுமொத்தமாக நின்றுபோயின. ஆடியோவாக வைத்திருந்தவர்களின் பழைய பாட்டுகள் மட்டும் திறந்ததும் ஒலித்தன.