பழைய பொருளை ஆன்லைனில் விற்றால் பணத்தை எப்படி வாங்குவது? ரொக்கம், யுபிஐ, பேங்க் டிரான்ஸ்ஃபர், செக்: ஓர் ஒப்பீடு

ஓஎல்எக்ஸிலோ பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ பழைய பொருளை விற்கப் போடுகிறவர்கள் விலையைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். பணம் எந்த வழியாக வரும் என்பதை மட்டும் வாங்குகிறவரிடமே விட்டுவிடுகிறார்கள். ஏமாற்றுகிறவர்கள் உள்ளே நுழைவது அந்த இடத்தில்தான். சேலம் அம்மாபேட்டையில் டேபிள்டாப் கிரைண்டர் விற்கிறவருக்கும், சூரமங்கலத்தில் ஸ்கூட்டர் விற்கிறவருக்கும், ஏற்காட்டு எஸ்டேட்டில் காபிப் பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷின் விற்கிறவருக்கும் ஒரே வழி சரிப்படாது. அதனால் ஒவ்வொரு வழியையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து, எது எங்கே நிற்கும், எது எங்கே கவிழ்க்கும் என்று எழுதுகிறேன்.

நான் கேட்கும் கேள்விகள் இரண்டே. பொருள் கையை விட்டுப் போகிற நொடியில் பணம் என்னிடம் வந்துவிட்டதா? வந்த பணம் நாளைக்கும் என்னிடம் இருக்குமா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை.

ஆளைப் பார்க்காமல் யுபிஐ

இதுதான் மோசமான வழி. விளம்பரம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே போன் வரும். "சார், நான் ஆர்மியில இருக்கேன். இப்பதான் சேலத்துக்கு மாத்தலாகி வந்திருக்கேன். பொருளை நாளைக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கறேன், பணத்தை இப்பவே போட்டுடறேன்" என்பார். பேரம் பேசவே மாட்டார். சீருடை போட்ட படம், அடையாள அட்டைப் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி போகவே கணக்குப் பார்க்கிற ஊர் இது. எட்டாயிரம் ரூபாய் ஃபிரிட்ஜைக் கண்ணால் பார்க்காமல், ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் யார் வாங்குவார்கள்?

அடுத்து ஒரு க்யூஆர் கோடு வரும். "இதை ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்களுக்கு வந்துடும்." சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், முதலில் ஐந்து ரூபாய் அனுப்பச் சொல்லிப் பத்து ரூபாய் திருப்பிப் போடுவார்கள். அந்தப் பத்து ரூபாய் நிஜமாகவே வரும். அதில் வந்த நம்பிக்கையில்தான் அடுத்த ஸ்கேன் நடக்கிறது, எட்டாயிரமும் போய்விடுகிறது.

ரகசிய எண்ணான யுபிஐ பின் நம்பரைப் போடச் சொல்லும் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எவ்வளவு தொகை, யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு அந்த பின் நம்பரைப் போட வேண்டியதே இல்லை. ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. அந்தப் பக்கத்தைப் படிக்க விடாமல் செய்வதுதான் எதிர்முனையில் இருப்பவரின் வேலை. "சார் சீக்கிரம், கோடு எக்ஸ்பயர் ஆயிடும், ம்... போட்டாச்சா, போட்டாச்சா" என்று பேச்சை விடவே மாட்டார். போனை வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். பாதி மோசடி அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொருவருக்குப் 'பணம் கேட்டு' ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதியைத் தனிநபர்களுக்கிடையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ உத்தரவிட்டது. நல்ல காரியம். ஆனால் க்யூஆர் கோடு வழி அப்படியே இருக்கிறது. 'தவறுதலாக அதிகம் போட்டுவிட்டேன்' வழியும் இருக்கிறது. எட்டாயிரத்துக்குப் பதில் எண்பதாயிரம் வந்ததாக ஒரு எஸ்எம்எஸ் வரும். மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சுவார், அழுவார், அப்புறம் மிரட்டுவார். அந்த எஸ்எம்எஸ் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பாருங்கள். பேங்க் அனுப்புவது எழுத்துகளால் ஆன தலைப்பில் வரும், பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. தலைப்பு சரியாக இருந்தாலும் கணக்கைத் திறந்து பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இந்த வழியை நான் இவ்வளவு வெறுக்க இன்னொரு காரணமும் உண்டு. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைக்கு அவருடைய பொறுப்பு எவ்வளவு என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் சில வகை இழப்பு முழுவதையும் பேங்கே ஏற்க வேண்டும். ஆனால் நாமே பின் நம்பரைப் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

நேரில் நின்று யுபிஐ

அதே யுபிஐதான். ஆனால் ஆள் எதிரில் நின்றால் கதையே மாறிவிடுகிறது. ஒரு லட்சத்துக்குள் இருக்கும் பொருளுக்கு, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில், நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். அவர் உங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்கிறார், பணம் உங்கள் கணக்குக்கு வருகிறது, பொருள் கை மாறுகிறது. கள்ளநோட்டுப் பயம் இல்லை, யாரிடமிருந்து வந்தது என்ற பதிவும் இருக்கிறது.

இங்கே வரும் ஏமாற்று, போலி ஆப். பச்சை டிக், உங்கள் பெயர், தொகை, பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண், 'டிங்' சத்தம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பார்த்தால் எனக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அவருடைய திரையை நான் பார்ப்பதே இல்லை. என் போனில் பேங்க் ஆப்பைத் திறந்து, கடைசி வரவும் இருப்பும் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

"அண்ணா, என் கணக்குல கழிஞ்சிருச்சுங்க. சர்வர் ஸ்லோவா இருக்குது. நேரமாச்சு, நான் கிளம்பறேனுங்க" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அவருக்கே நல்லதாக ஒரு பதில் இருக்கிறது. அனுப்பியவர் கணக்கில் கழிந்து, வாங்குகிறவர் கணக்கில் ஏறாத யுபிஐ பணம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. "பணம் எங்கேயும் போகாதுங்க தம்பி. ஏறட்டும், எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நிஜமாக வாங்க வந்தவர் முணுமுணுத்தாலும் இருப்பார், இல்லையென்றால் வேறு வழியில் கொடுப்பார்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. பணம் நிஜமாகவே ஏறிவிட்டது, ஆனால் அது திருட்டுப் பணம் என்றால்? இதைப் பற்றித்தான் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. வேறு எங்கோ ஒருவரை ஏமாற்றுகிறவன், "இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று உங்கள் க்யூஆரை அவருக்கு அனுப்பிவிடுகிறான். அவர் போட்ட பணம் உங்களுக்கு வருகிறது. உங்கள் லேப்டாப் அவனுக்குப் போகிறது. ஏமாந்தவர் புகார் கொடுத்ததும், பணம் போன தடத்தில் இருக்கும் கணக்குகளில் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பார்கள். சில நேரம் கணக்கே முடங்கும். எந்த ஊர் போலீஸ் என்று கண்டுபிடித்து, விற்ற ரசீதைக் காட்டி, விடுவிக்கச் சொல்லி அலைய வேண்டியது நீங்கள்தான். பொருளும் போய், பணமும் மாட்டிக்கொள்ளும்.

அதற்கு நான் வைத்திருக்கும் நிபந்தனை: வந்தவர் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். "என் மச்சான் ஓசூர்ல இருந்து போடுவாரு" என்றால் வேண்டாம். அனுப்பியவர் பெயர் உங்கள் வரவில் தெரியும். அதை வந்தவரின் அடையாள அட்டையோடு ஒத்துப் பாருங்கள். விற்ற பொருள், தொகை, தேதி, இருவர் கையெழுத்து என நாலு வரித் தாள் ஒன்றும் எழுதிக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, பைக் விற்கும்போது எழுதுவதுதானே.

ரொக்கம்

நம் ஊர்ப் பெரியவர்கள் இதைத்தான் சொல்வார்கள். பல நேரம் அவர்கள் சொல்வதுதான் சரி. கொடுத்த நோட்டை யாரும் ஒரு பட்டனைத் தட்டித் திரும்ப வாங்க முடியாது. யாருடைய புகாரும் உங்கள் கணக்கை முடக்காது.

மலையில் ரொக்கத்துக்குத்தான் முதலிடம். ஏற்காட்டில் டவுன் பகுதியைத் தாண்டி எஸ்டேட் பக்கம் போனால் பல இடங்களில் டேட்டா சுற்றிக்கொண்டே இருக்கும், எஸ்எம்எஸ்ஸும் தாமதமாக வரும். 'பெண்டிங்' என்று நிற்கும் பணத்தை நம்பிப் பல்ப்பரை வண்டியில் ஏற்றிவிட்டால், அந்த வண்டி இருபது ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் சேர்ந்த பிறகு போன் அடித்து ஒன்றும் ஆகாது. அங்கே யுபிஐதான் வாங்க வேண்டும் என்றால், நல்ல சிக்னல் வரும் இடத்துக்குப் போய்ப் பணம் ஏறியதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

ரொக்கத்தின் பலவீனம் கள்ளநோட்டு. 500 ரூபாய் நோட்டைச் சாய்த்துப் பாருங்கள், நடுவில் ஓடும் இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். இரண்டு ஓரத்திலும் விரலுக்குத் தட்டுப்படும்படி ஐந்து சாய்கோடுகள் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காந்தி படமும் 500 என்ற எண்ணும் வாட்டர்மார்க்காகத் தெரியும். இருட்டில், தெருவிளக்குக்கு அடியில் எண்ணாதீர்கள். கள்ளநோட்டை பேங்கில் கொண்டுபோய்க் கொடுத்தால் அதைப் பறிமுதல் செய்துகொள்வார்கள், மாற்றுப் பணம் வராது. ஒரே தடவையில் ஐந்து நோட்டோ அதற்கு மேலோ சிக்கினால் பேங்க் போலீஸில் புகார் பதிய வேண்டும் என்பது விதி.

ரொக்கத்தையும் கணக்கையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பேங்க் வாசலில் இருக்கும் பணம் போடும் மெஷினுக்கு இருவரும் போய், அவர் கொண்டுவந்த நோட்டை உங்கள் கணக்கிலேயே போட்டுவிடுவது. மெஷினே எண்ணும், சந்தேகமான நோட்டை ஏற்காது, கேமராவும் இருக்கிறது. செர்ரி ரோடு, ஓமலூர் ரோடு பக்கம் இருப்பவர்களுக்கு இது நாலு எட்டு நடைதான்.

இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. கார் விற்கிறவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

பேங்க் டிரான்ஸ்ஃபர்

பெரிய தொகைக்கு இதுதான். இதில் மூன்று முறைகள் உண்டு. ஐஎம்பிஎஸ் உடனே ஏறும், வரம்பு 5 லட்சம். ஆர்டிஜிஎஸ் குறைந்தது 2 லட்சம், அதுவும் உடனுக்குடன் போகும். என்இஎஃப்டி அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போவதால் ஏறக் கொஞ்சம் நேரம் ஆகும். 'போட்டாச்சு' என்ற காகிதத்தைக் காட்டி வண்டிச் சாவியைக் கேட்பது அந்த இடைவெளியில்தான். மூன்றும் இப்போது ஞாயிறு, பண்டிகை எதுவானாலும் நாள் முழுக்க நடக்கும். ஆகவே "இன்னைக்கு லீவு, நாளைக்கு ஏறிடும்" என்பது செல்லாது.

செக், டிடி (டிமாண்ட் டிராஃப்ட்)

தெரியாதவரிடம் வாங்கவே வேண்டாம். 2025 அக்டோபர் 4 முதல், காலை 10 மணியிலிருந்து மாலை 4 வரை போடும் செக்குக்கு அன்று மாலை 7 மணிக்குள் பதில் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது உண்மை. அப்படியும், செக் போட்ட சலான் பணம் ஆகாது. திரும்பி வந்தால் 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அப்புறம் செக் திரும்பியதற்கான சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு. பழைய டிவிக்கு இவ்வளவு தேவையா? டிடியிலும் போலி உண்டு.

கூரியரில் அனுப்பிப் பணம் வாங்குவது

'கூரியர் ஆளே பணத்தோடு வருவார், இந்த லிங்கில் கணக்கு விவரம் போடுங்கள்' என்று வந்தால் லிங்கைத் தொடாதீர்கள். வெளியூருக்கு விற்றே ஆக வேண்டும் என்றால் முழுப் பணமும் ஏறிய பிறகு அனுப்புங்கள். ஆளைப் பார்க்காததால் திருட்டுப் பண அபாயம் அப்போதும் இருக்கும்.

எதற்கு எது

வீட்டுச் சாமான், பத்தாயிரத்துக்குள்: நேரில் யுபிஐ, அல்லது ரொக்கம். போன், லேப்டாப்: நேரில் யுபிஐ, சொந்தக் கணக்கிலிருந்து மட்டும். திருட்டுப் பணத்துக்கு இவை ரொம்ப வசதியான பொருள், உடனே கைமாற்றிவிடலாம். வீட்டில் பெண்களோ வயதானவர்களோ தனியாக இருந்தால் வாங்குகிறவரை வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள், ஆள் நடமாட்டம் உள்ள கடைத்தெருவிலோ பேங்கிலோ பகலில் பாருங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் கடையில் எக்ஸ்சேஞ்ச் போடுங்கள். விலை கணிசமாகக் குறையும், ஆனால் வயதான பெற்றோர் தனியாக விற்கும்போது அந்த நஷ்டத்தை நான் தாராளமாக ஏற்பேன்.

ஸ்கூட்டர், பைக்: ஐஎம்பிஎஸ், அல்லது மெஷினில் போட்ட ரொக்கம். பணம் ஏறிய பிறகு, வண்டியை வாங்குகிறவர் பெயருக்கு மாற்றும் ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து. தேதி போடாத, பெயர் எழுதாத ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பேங்க் கணக்கு எண், பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண், தொகை, நேரம் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தினால்தான் உண்டு, ஆகவே வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசிக்காதீர்கள். அவருடைய எண், வாட்ஸ்அப் பேச்சு, அனுப்பிய படம் எதையும் கோபத்தில் அழிக்காதீர்கள். பிறகு மாநகரில் இருப்பவர்கள் சேலம் மாநகர சைபர் கிரைம் போலீஸுக்கும், ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் பக்கத்தினர் மாவட்ட சைபர் கிரைம் போலீஸுக்கும் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.