திட்டமிடலுக்கு எது: சாட், கிளிங்கோ, ஹியூரிஸ்டிக் தேடல்?

ஆரம்ப நிலையிலிருந்து இலக்குக்குக் கொண்டுபோகும் செயல்வரிசையைக் கணினி கண்டுபிடிப்பதுதான் திட்டமிடல். ஓர் உதாரணம்: மேசைமேல் 10 கட்டைகள். ஒரு கட்டையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதுதான் செயல். படிக்கு 900 செயல்கள். எது எதன்மேல், எதன் தலை காலி என்று சொல்ல, உண்மை அல்லது பொய் என்ற மதிப்புக் கொண்ட 110 மாறிகள். 1992-இல் ஹென்றி காட்ஸும் பார்ட் செல்மனும் முன்வைத்த சாட் (SAT) முறையில், 'k படிகளில் முடியுமா' என்பதை ஒரே பூலியன் (உண்மை/பொய்) சூத்திரமாக்கி, அதை உண்மையாக்கும் மதிப்புகளைத் தேடும் நிரலான சால்வரிடம் கொடுக்கிறோம்.

வெற்றியும் தோல்வியும் எழுதும் விதத்தில்தான். ஒவ்வொரு செயலும் எதையெல்லாம் தொடவில்லை என்று எழுதப் போனால் படிக்குச் சுமார் 95,000 செயல்-மாறி ஜோடிகள். திருப்பி எழுதுங்கள்: 'ஒரு நிலை மாறியிருந்தால், அதை மாற்றவல்ல செயல்களில் ஒன்று நடந்திருக்க வேண்டும்.' 220 கிளாஸ்களில் (சூத்திரத்தின் தனித்தனி நிபந்தனைகளில்) முடிகிறது. அடுத்த பூதம், 'படிக்கு ஒரே செயல்' என்ற விதி: ஜோடி ஜோடியாகத் தடுத்தால் 4,04,550 கிளாஸ்கள். செயலை 'எதை, எங்கிருந்து, எங்கே' என்று மூன்றாக உடைத்தால் 32 மாறிகள், தடைகள் 155 மட்டுமே. ஆனால் இப்படி உடைத்தால் ஒரே படியில் இரண்டு செயல்கள் நடக்க வழியில்லை. பல லாரிகள் ஓடும் சரக்குப் பிரச்சினைக்கு இது ஒத்துவராது.

பிரச்சினையை விதிகளாக எழுதித் தீர்வு தேடும் கருவியான கிளிங்கோவில் 'மாற்றப்படாதது அப்படியே இருக்கும்' என்பது ஒரே விதி. கூடுதல் நிபந்தனைகளும் பெரும்பாலும் ஒவ்வொரு வரிதான். எழுதித் திருத்த இதைவிடச் சுகமானது இல்லை. கவனம் வேண்டியது கிரவுண்டிங்கில், அதாவது விதியின் மாறிகளுக்குப் பதில் கட்டைகளின் பெயர்களை இட்டு நகலெடுப்பதில்: கட்டைகளைக் குறிக்கும் 5 மாறிகள் ஒரு விதியில் சேர்ந்தால் படிக்கு 1 லட்சம் நகல்கள்வரை போகும்.

பிழையும் இரண்டிலும் வேறு முகம் காட்டும். 'மாற்றப்படாதது அப்படியே இருக்கும்' என்ற நிலைப்பு விதி விடுபட்டால் சாட் எந்தச் செயலும் இல்லாமலே இலக்கை அடைந்ததாகச் சொல்லும். கிளிங்கோவோ, பல கட்டைகளின் இடத்தைக் கேட்கும் இலக்குக்கு எந்த k-யிலும் தீர்வில்லை என்கும்.

இலக்குக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்ற மதிப்பீட்டை (ஹியூரிஸ்டிக்) வைத்துத் தேடும் ஃபாஸ்ட் டவுன்வர்ட் போன்ற பிளானருக்கு k தேவையே இல்லை. பிரச்சினையை விவரிக்கும் பிடிடிஎல் (PDDL) மொழிக் கோப்புகளைக் கொடுத்தால் போதும். நூற்றுக்கணக்கான படிகள் கொண்ட திட்டங்களுக்கு முதலில் இதைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாட்டில் k-ஐ ஒவ்வொன்றாக ஏற்றினால், தீர்வுக்கு முந்தைய k-யில் 'முடியாது' என நிரூபிப்பதிலேயே நேரம் கரையும். மிகக் குறுகிய திட்டம்தான் வேண்டும் என்றில்லாவிட்டால், ரின்டானனின் மடகாஸ்கர் என்ற சாட் பிளானர் போல 5, 10, 15 என்று பல k-க்களை ஒரே சமயத்தில் ஓட்டலாம்.

லாரிகளின் எரிபொருள் இறுக்கமாக இருந்தால் என் முதல் தேர்வு சாட். செயல்கள் எதையும் அழிப்பதில்லை என்று வைத்துக் கணக்கிடும் ஹியூரிஸ்டிக்குக்கு, ஒருமுறை நிரப்பிய டேங்க் தீர்வதே இல்லை. இலக்கு அருகில் இருப்பதாகக் காட்டி முட்டுச்சந்துக்குள் கொண்டுபோய் விடும்.