கத்ர்போர்னில் பயிலரங்குக்கு எடுத்த கூடம்

எங்கள் தமிழ் ஆசிரியர்கள் 18 பேருக்கு ஒரு நாள் பயிலரங்கு. நடத்தும் பொறுப்பு என்னுடையது. ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மொரீஷியஸின் கத்ர்போர்ன் நகரில் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஒரு கூடம் எடுத்தோம்.

அது புயல் காலம். அதனால் முன்பணம் கொடுக்கும்போதே, எச்சரிக்கை வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பணம் பிடிக்காமல் வேறு தேதி தருவதாக எழுதியே கொடுத்தார்கள்.

இந்தக் கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, முந்தைய நாள் மாலையே உள்ளே விட்டதுதான். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஐந்து மணிக்குச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். வரிசையாகக் கிடந்த நாற்காலிகளை நான்கு குழுவாகப் போட்டு, ஒவ்வொரு குழுவிலும் உட்கார்ந்து பார்த்தேன். மேற்குப் பக்க ஜன்னல் வெயில் நேரே திரையில் அடித்தது. சரி, மதியத்துக்கு மேல் திரை தெரியாது என்று, ஸ்லைடு காட்டும் வேலையெல்லாம் காலைக்கு மாற்றினேன்.

சுவர் இன்னொரு சோதனை. புதுப் பெயிண்ட், டேப் போட்டு ஒட்டிய தாள்கள் மூன்றும் நான் திரும்புவதற்குள் சுருண்டு விழுந்தன. அக்கா தன் வீட்டிலிருந்து கொடிக்கயிறும் ஒரு டப்பா துணி கிளிப்பும் கொண்டுவந்தார். ஜன்னல் கம்பிக்கு ஜன்னல் கம்பி கட்டினோம்.

மறுநாள் ஒரே கேள்விதான் வைத்திருந்தேன்: முதல் வகுப்புப் பிள்ளையை எப்படித் தமிழில் வாய் திறக்க வைப்பது? ஆறு தலைப்பு போட்டு வைத்திருந்ததை இரவோடு இரவாக வெட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை. பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் சீட்டில் எழுதச் சொன்னேன். கூட்டங்களில் பேசவே தயங்கும் இளம் ஆசிரியை ஒருவர் முதலில் எழுந்துபோய்க் கயிற்றில் மாட்டினார்: ‘வீட்டில் கிரியோல்தான். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்று பிள்ளை பயப்படுகிறது.’ கிரியோல்தான் இங்கே பெரும்பாலான வீடுகளில் பேசும் மொழி. மதியம் வரை பேச்சு அந்தச் சீட்டைச் சுற்றியே போனது.

வெளிச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. பலர் தைப்பூச விரதத்தில் இருந்ததால் சைவச் சாப்பாடு வரவழைத்தோம். கை கழுவ இடமும் பரிமாற நீளமேசையும் இருந்தன.

குறை என்றால் மின்விசிறிச் சத்தம். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்க, குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அப்புறம், சனிக்கிழமை சந்தை நாள். காரில் வந்த இருவர் இடம் தேடியே அரை மணி நேரம் தாமதமானார்கள். மெட்ரோவில் வாருங்கள் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.