முத்திரை இல்லாத மரச்சட்டமும் ஒரு கிளியரிங் ஏஜென்சியும்

திருப்பூரில் உள்ள எங்கள் நிட்டிங் யூனிட்டுக்குத் தைவானிலிருந்து ஒரு மெஷினை வரவழைத்தபோது, தூத்துக்குடி துறைமுகத்தில் அதை விடுவிக்கும் பொறுப்பைக் கோவையில் இயங்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியிடம் ஒப்படைத்திருந்தோம். சரக்கு மாட்டிக்கொண்ட பிறகு அவர்கள் பார்த்த வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்த்திருக்க வேண்டிய வேலைக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனம் வரவில்லை.

மெஷினில் குறை ஏதும் இல்லை. பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் பத்திரமும் வரியும் சரியாகவே இருந்தன. அதைத் தாங்கி வந்த மரச்சட்டங்களில் முத்திரை இல்லை என்பதுதான் சிக்கல். 1914ஆம் ஆண்டின் அழிவு விளைவிக்கும் பூச்சிகள், பீடைகள் சட்டத்தின் கீழ் 2003இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி, பதப்படுத்தாத மரத்தில் கட்டப்பட்டு வரும் சரக்கைச் சுங்க அதிகாரி விடுவிக்கக் கூடாது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும், அல்லது பூச்சிகளைக் கொல்லும் மெத்தில் புரோமைடு புகை போட்டிருக்க வேண்டும். அதற்குச் சாட்சியாகக் கோதுமைக் கதிர்ச் சின்னமும், நாட்டின் ஈரெழுத்துக் குறியீடும், பதப்படுத்தியவரின் எண்ணும், எந்த முறை என்பதைக் காட்டும் எழுத்துகளும் மரத்திலேயே பதிந்திருக்க வேண்டும். பிளைவுட்டுக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மரத்துக்கும் இது தேவையில்லை என்பதால், எங்கள் உதிரிபாகப் பெட்டியை யாரும் கேள்வி கேட்கவில்லை.

சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டதும் மெஷினே பறிபோய்விட்டதாகப் பதறினோம். விடுவிப்பை நிறுத்தி வைப்பது, 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 110ஆவது பிரிவின்படி கைப்பற்றுவது, அரசுக்கே சொந்தமாகும்படி பறிமுதல் செய்வது ஆகிய மூன்றும் வெவ்வேறு படிகள் என்று ஏஜென்சியின் பெண் ஊழியர் ஒருவர் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். கைப்பற்றினால் ஆறு மாதத்துக்குள், நீட்டிப்பு வாங்கினால் மேலும் ஆறு மாதத்துக்குள், காரணம் கேட்கும் நோட்டீஸ் வர வேண்டும். வராவிட்டால் சரக்கைத் திருப்பித் தர வேண்டும். 124ஆவது பிரிவின்படி நம் விளக்கத்தைக் கேட்காமல் பறிமுதல் உத்தரவு போட முடியாது. போட்டாலும் 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரை அணுகலாம். எங்கள் விவகாரம் அவ்வளவு தூரம் போகவில்லை. தாவரத் தொற்றுத்தடுப்பு அலுவலகத்துக்கு அன்றே விண்ணப்பித்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைக் கொண்டு புகை போட வைத்து, அந்த அலுவலகத்தின் விடுவிப்புக் கடிதத்தைச் சுங்கத்தில் சேர்ப்பது வரை ஒரு தாளுக்குக்கூட எங்களை அவர்கள் அலைய விடவில்லை.

ஆனால் மெஷின் கப்பலேறும் முன்பே பேக்கிங்கைப் பற்றி நான் கேட்டிருந்தேன். "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்பதே பதிலாக இருந்தது. சுங்கச் சட்டத்தையும் அதோடு தொடர்புடைய பிற சட்டங்களையும் பின்பற்றும்படி வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்வது, 2018ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறைகளின்படி, சுங்கத் தரகர்களான அவர்களுடைய கடமை. தயவு காட்டிச் செய்யும் உதவி அல்ல. விற்பவரிடமிருந்து முத்திரையின் படம் ஒன்றைக் கேட்டு வாங்கச் சொல்லியிருந்தால் போதும். புகை போட்ட செலவு, ஆய்வுக் கட்டணம், இலவச நாட்கள் முடிந்த பிறகு ஓடிய கன்டெய்னர் வாடகை எல்லாம் சேர்ந்து ஏஜென்சியின் கட்டணத்தைப் போல நான்கு மடங்கு ஆயிற்று.

விதியின் மேல் எனக்கு வருத்தமில்லை. வெளிநாட்டுப் பூச்சி உள்ளே வந்துவிடாமல் தடுக்கத்தான் அது. 2008இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளியையும் மல்பெரியையும் அது மொய்த்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகே அடங்கிற்று. உடுமலைப் பக்கம் என் மாமனார் மல்பெரித் தோட்டத்தை வெட்டித் தீ வைத்தபோது கூடவே நின்றவன் என்பதால், மரச்சட்டத்தின் விரிசலுக்குள் அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்ததில் எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த மெஷினையும் இவர்களிடமே கொடுத்திருக்கிறோம். முத்திரையின் படம் கப்பல் கிளம்பும் முன்பே கைக்கு வந்துவிட்டது. கேட்டு வாங்கியது நாங்கள்தான், அவர்கள் அல்ல.