மூன்றரை வருடம், மூன்று ஏற்பாடுகள்: குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் தேடிய அனுபவம்

மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. அடுத்த மாதம் பள்ளியில் சேர்கிறாள். ஏழரை மாதக் குழந்தையாக அவளை முதல்முறை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய நாளிலிருந்து மூன்று வருடம் ஐந்து மாதம் ஆகிறது. இதற்குள் ஒரு பெரிய காப்பகம், பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்ட ஆயா, பேருந்து வழியில் ஒரு வீட்டுக் காப்பகம் என்று மூன்றையும் பார்த்தாயிற்று. சேர்ந்த புதிதில் எழுதியிருந்தால் முதல் இடத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். நல்லவேளை எழுதவில்லை.

நாங்கள் இருப்பது வாடகை மிக அதிகமான பகுதி. கணவரின் அலுவலகம் நடந்து போகும் தூரம் என்று குழந்தை பிறப்பதற்கு முன்பே குடிவந்தோம். எனக்கு எதிர்த்திசையில் பேருந்தில் நாற்பது நிமிடம்.

முதலில் எங்கள் தெருவிலேயே இருந்த பெரிய காப்பகம். கண்ணாடிக் கதவு, ரப்பர் தரை, மொபைலில் நேரலை கேமரா. கர்ப்பத்தின் ஏழாவது மாதத்தில் பெயர் கொடுத்தும், நான் வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போதுதான் இடம் கிடைத்தது. கட்டணம் என் கைக்கு வரும் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. அதுவும் பலகையில் எழுதியிருந்த கட்டணம் மட்டும்தான். பதிவுக் கட்டணம், திரும்பி வராத முன்பணம், டயப்பர், காப்பகம் மூடியிருக்கும் நாட்களுக்கும் பணம், ஆறரை மணியைத் தாண்டினால் ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு தொகை என்று பில் வரும்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

இவ்வளவு ஏன் என்று ஒரு இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். காப்பகம் தினம் 11 மணி நேரம், வாரம் 55 மணி நேரம் திறந்திருக்கிறது. ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை செய்வார். அப்படியானால் கைக்குழந்தைகள் நான்கு பேருக்கு ஒருவர் என்று வைத்தாலே, விடுப்பும் சேர்த்து கிட்டத்தட்ட ஒன்றரை ஆள் தேவை. அதை நான்கால் வகுத்தால் ஒவ்வொரு பெற்றோர் தலையிலும் ஒரு பணியாளர் சம்பளத்தின் முக்கால் பாகத்தில் பாதி விழுகிறது. வாடகை, மின்சாரம், மேலாளர் எல்லாம் இதற்கு மேல். பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் 1960களில் சொன்னது இதைத்தான். தொழிற்சாலையில் ஒருவர் செய்யும் வேலையின் அளவு வருடா வருடம் கூடும். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசைக்கு என்றைக்கும் நான்கு பேர்தான் வேண்டும். மற்ற இடங்களில் சம்பளம் ஏற ஏற, இங்கும் ஏற்றியாக வேண்டும், வேலையை மட்டும் வேகப்படுத்த முடியாது. ஒரு கைக்குழந்தையைத் தூங்கவைக்க என் பாட்டிக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம்தான் இன்றைக்கும் ஆகிறது.

ஆக, காப்பகம் கொள்ளையடிக்கிறது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பகுதியில் வாடகை கட்டி நியாயமாக நடத்தினால் அவ்வளவு ஆகத்தான் செய்யும். என் குறை வேறு. நாலாவது மாதம் ஒரு நாள் சொல்லாமல் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் நின்றேன். தூங்கும் அறையில் ஏழு குழந்தைகள், ஒரே ஒரு பெண். மடியில் ஒன்று பாட்டில் குடிக்கிறது, காலால் இன்னொன்றின் தொட்டிலை ஆட்டுகிறார், மூலையில் இரண்டு அழுகின்றன. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த பயத்தைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேலாளரைக் கேட்டேன். “லஞ்ச் டைம் மேடம், பத்து நிமிஷம்தான்” என்றார். அப்புறம்தான் கவனித்தேன், கேமராவில் விளையாடும் கூடம் மட்டுமே தெரியும், தூங்கும் அறை தெரியாது. அந்த ஐந்து மாதத்தில் என் மகளைக் கவனித்தவர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரும் போன பிறகு அவள் இரண்டு வாரம் இரவில் திடுக்கிட்டு விழித்தாள். எட்டு மாதத்தை ஒட்டி ஆள் தெரிந்து அழ ஆரம்பிக்கும் வயது அது. நாங்கள் பல் முளைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஏற்பாடு லிஃப்டில் கிடைத்தது. இரண்டு மாடி மேலே இருந்த தம்பதிக்கும் எங்கள் நிலைமைதான், மகன் எங்கள் மகளைவிட மூன்று மாதம் மூத்தவன். இரண்டு குழந்தைக்கும் சேர்த்து ஒரு ஆயாவை வைத்தோம். ஒரு குழந்தைக்கு அவர் வாங்கும் சம்பளத்தில் ஆளுக்கு 60 சதவீதம் கொடுத்தோம். எங்களுக்கு நாற்பது மிச்சம், அவருக்கு இருபது கூடுதல். ஒரு வாரம் எங்கள் வீடு, ஒரு வாரம் அவர்கள் வீடு. காப்பகக் கட்டணத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் காலையில் குழந்தையைக் கிளப்பும் போராட்டம் இல்லை, சளி பிடித்தாலும் வீட்டிலேயே இருக்கலாம்.

ஒன்பது மாதம் நன்றாகவே போனது. எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்திருந்தோம்: ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மற்றது என்ன செய்யும், ஒரு குடும்பம் ஊருக்குப் போனால் யார் பணம் கட்டுவது, ஆயாவுக்கு எத்தனை நாள் விடுப்பு, டிவி போடலாமா கூடாதா. இரண்டு பக்கம். விலகுவதாக இருந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. அவர்கள் வாடகை ஏறியதும் 12 நாளில் காலி செய்துவிட்டார்கள். தப்பு சொல்ல முடியாது, எங்களுக்கு ஏறியிருந்தால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் ஆயாவின் முழுச் சம்பளத்தை எங்களால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. அவர் போன நாளில் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவில் இருக்கிறது. பங்கு போடுகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது பிரியும்போது என்ன செய்வது என்பதைத்தான்.

அதன் பிறகு இரண்டு மாதம் எப்படியோ சமாளித்தோம். அம்மா வந்திருந்தார், முழங்கால் வலியோடு. அதற்கு மேல் அவரை இருக்கச் சொல்ல மனசு வரவில்லை.

அப்போதுதான் தேடும் முறையை மாற்றினேன். அதுவரை வரைபடத்தில் வீட்டை நடுவில் வைத்து இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அந்த வட்டத்துக்குள் யார் நடத்தினாலும் அந்த வாடகைதானே கட்டியாக வேண்டும்? சரி என்று என் பேருந்து வழியை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நிறுத்தமாக, நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பாதி வழியில் வாடகை சட்டென்று இறங்குகிறது. அங்கே ஒரு வீட்டுக் காப்பகம், பதிவு பெற்றது, ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மா தன் வீட்டுத் தரைத்தளத்தில் நடத்துகிறார். வெவ்வேறு வயதில் ஆறு குழந்தைகள், உதவிக்கு ஒரு பெண். கட்டணம் எங்கள் தெருக் காப்பகத்தில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

சேர்ப்பதற்கு முன் மூன்று தடவை போனேன், மூன்றும் வெவ்வேறு நேரத்தில்: காலை விடும் நேரம், மத்தியானத் தூக்கம், மாலை அழைக்கும் நேரம். இரண்டாவது தடவை சொல்லாமல் போனேன். சுவர் வண்ணத்தையெல்லாம் இந்தத் தடவை பார்க்கவில்லை. டயப்பர் மாற்றும் இடத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எத்தனை அடி தூரம், ஒவ்வொரு தடவையும் கை கழுவுகிறார்களா, கைக்குழந்தையை மல்லாக்கத் தலையணை இல்லாமல் படுக்கவைக்கிறார்களா, அழுகிற குழந்தையிடம் எவ்வளவு நேரத்தில் போகிறார்கள், இவ்வளவுதான். அந்த அம்மா பணத்தைப் பற்றிப் பேசும் முன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “பாப்பா தூக்கம் வந்தா என்ன பண்ணுவா? காதைத் தேய்ப்பாளா, கண்ணைத் தேய்ப்பாளா?” கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். காதை.

கதவுக்குப் பக்கத்தில் குழந்தை உயரத்தில் ஒரு மரப்பலகை, அதில் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். இவளுக்கு ஆமை. பை, தொப்பி எல்லாம் அவளே மாட்டி அவளே எடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அழுகைதான். முதல் நாள் நானும் கூட இருந்து ஒரு மணி நேரம், அடுத்த நாள் நான் வெளியே போய் அரை மணி, அப்புறம் மதியம் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள். சொல்லாமல் நழுவக்கூடாது, அழுதாலும் போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில் அந்த அம்மா கண்டிப்பு. தினமும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்புவார். “12.40 முதல் 1.55 தூக்கம். எழுந்ததும் ஆமையிடம் போய் ஏதோ பேசினாள்.” முந்தைய இடத்து மொபைல் செயலியில் இருபது படம் வரும். இந்த இரண்டு வரியில் தெரிந்த அளவு அவற்றில் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில்லை.

தாமதமானால் இங்கே அபராதம் கிடையாது. இதைப் பற்றி ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் காப்பகங்களைக் கவனித்தார்கள், 2000-ல் வெளியானது. ஆறில் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும் தாமதம் குறையவில்லை, கூடிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. என்னைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது. பெரிய காப்பகத்தில் பணம்தானே கட்டுகிறோம் என்று கடைசி மீட்டிங்கை முடித்துவிட்டுப் போயிருக்கிறேன். இங்கே ஒரு நாள் இருபது நிமிடம் தாமதம். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு, கைப்பையோடு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவருக்கு எங்கேயோ போக வேண்டியிருந்திருக்கிறது. அதற்கப்புறம் நான் தாமதமாகப் போனதே இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் காப்பகமே மூடல். இரண்டு வருடத்தில் 11 நாள் அப்படிப் போனது, பாதி நாள் காலை ஆறு மணிக்குத்தான் செய்தி வரும். வெளியே விளையாட இடம் சின்னது. பெரிய குழந்தைகளிடமிருந்து கெட்ட வார்த்தை ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தாள், அதை மறக்கவைக்க ஒரு மாதம் ஆனது. காலையில் குழந்தையோடு பேருந்து என்பதால் 25 நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும், மழை நாட்களில் இன்னும் மோசம்.

நோயைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சின்னக் குழந்தைக்கு வருடத்துக்கு 6 முதல் 8 சளி என்பதே சாதாரணம்தான். குழந்தைகள் கூடும் இடத்துக்குப் போக ஆரம்பித்த முதல் வருடம் அதைவிட அதிகமாகவே வரும். எந்த இடத்தில் சேர்த்தாலும் சரி, மலிவோ விலையோ, இதிலிருந்து தப்ப முடியாது. காய்ச்சல் மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அது நியாயமான விதி, ஆனால் கட்டிய பணம் திரும்ப வராது. தெருக் காப்பகத்தின் ஐந்து மாதத்தில், சுமார் 105 வேலை நாளில், மகள் போகாத நாட்களும் அவர்கள் மூடிய நாட்களும் சேர்ந்து 23. கட்டிய மொத்தத் தொகையை நான் உண்மையில் வேலை செய்த மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். பலகைக் கட்டணத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இந்தக் கணக்கில் இன்றைய வீட்டுக் காப்பகம் பேருந்துக் கட்டணத்தைச் சேர்த்தும் எங்கேயோ கீழே நிற்கிறது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஒன்று: என் அலுவலகத்திலேயே குழந்தைப் பராமரிப்புக்கு ஒரு உதவித்தொகை இருந்தது. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது பதினாலாவது மாதத்தில், கேன்டீனில், வேறொரு பேச்சுக்கு நடுவே. முன்தேதியிட்டுத் தர முடியாது என்றுவிட்டார்கள். அரசு உதவி இருக்கிறதா, வருமான வரம்பு என்ன என்பதையும் பிரசவ விடுப்பிலேயே கேட்டு வைத்துவிடுங்கள்.

பள்ளியில் இடம் உறுதியானதும் அந்த அம்மாவிடம் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒரு மாதம்தான். ஆமைக் கொக்கிக்கு அடுத்து வரப்போகும் குழந்தை எங்கள் தெருவிலிருந்துதான் வருகிறது, பெரிய காப்பகத்தின் காத்திருப்புப் பட்டியலில் நாலு மாதமாக நின்ற ஒரு பெண்ணின் மகன். போன வாரம் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாம் கேட்டுக்கொண்டார். கட்டணம், விடுமுறை, நோட்டு எல்லாம் பேசி முடித்து, கிளம்பும்போது தயங்கித் தயங்கி, பேருந்தில் குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள் என்றார். இடதுபக்கம், பின்கதவுக்கு முந்தைய சீட் என்றேன். ஜன்னல் தாழ்வாக இருக்கும், ஒன்பதாவது நிறுத்தத்தில் ரயில் பாலம் வரும், அதுவரை மட்டும் சமாளித்தால் போதும்.