எல்லாம் பொருத்திய கேம்பர்வேனில் 3 வருடம், கழற்றி மாட்டும் வேனில் 3 வருடம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நிறுத்துகிறவர்களுக்கும் அது போய்ச் சேரட்டும். டெல்டாவில் வீடும் வயலும் வைத்துக்கொண்டு, வருடத்தில் 40, 50 நாள் மட்டும் வேனில் தங்குகிற குடும்பத்துக்கு எல்லாவற்றையும் இறுக்கிப் பொருத்திய வேன் வேண்டாம். வயரிங், தரை, கூரையின் வெப்பத்தடுப்பு, கொசுவலை, இந்த நான்கை மட்டும் நிலையாகச் செய்துகொள்ளுங்கள். கட்டில், அடுப்படி, தண்ணீர், பேட்டரி எல்லாம் தூக்கி வெளியே வைக்கிற மாதிரி இருக்கட்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கழிப்பறை விஷயம் வேறு, அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து கொஞ்ச தூரம்தான். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்பதால் எங்கள் வீட்டுக் காலண்டரும் அப்படியே ஓடும். தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால், நடவு, களை, உரம் என்று ஒரு நாள்கூட நகர முடியாது. சம்பா அறுத்து நெல்லைப் போட்ட பிறகுதான், மாசியிலிருந்து வைகாசி வரை, எங்களுக்குச் சுற்றுகிற காலம். அதுவும் வெயில் ஏறிக்கொண்டே போகிற காலம். வேனைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யோசிக்காமல் விட்டதுதான் நாங்கள் செய்த முதல் தவறு.

முதல் வண்டி 2019-ல் வாங்கியது. ஃபோர்ஸ் கம்பெனியின் டிராவலர் 3350 வேன் (அந்த எண் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில்), ஆர்.சி.யிலேயே மோட்டார் கேரவன் என்று பதிவானது. இரண்டு கட்டில், சிங்க், இரண்டு அடுப்பு, தலைக்கு மேல் அலமாரிகள், பின்மூலையில் கழிப்பறை, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார், 1 டன் ஏ.சி. பட்டறையில் பார்த்த அன்று என் மனைவி அந்த இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தாள், எனக்கும் கண் எடுக்க முடியவில்லை. உள்வேலைக்கு மட்டும் ஆறரை லட்சம் கொடுத்தோம். 2022 வரை 41,000 கிலோமீட்டர் ஓட்டினோம்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். மழை நாளில் அந்த வண்டிக்கு ஈடே கிடையாது. ஒரு ஐப்பசியில், உறவினர் வீட்டுத் துக்கத்துக்குச் சிதம்பரம் போய்விட்டுத் திரும்பும்போது அணைக்கரையில் பிடித்த மழை விடியற்காலை வரை விடவில்லை, கொள்ளிடம் இரு கரையும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கதவைத் திறக்காமலேயே ரசம் வைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்து, அம்மா இரவில் இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்து, காலையில் காபி போட்டுக் கிளம்பினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. நான்கு அடி நடந்தால் கழிப்பறை என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆனால் அப்படிப்பட்ட நாள் வருடத்துக்கு நான்கோ ஐந்தோ. மற்ற நாட்களில் என்ன ஆனது என்பதுதான் விஷயம்.

சித்திரை மாதம் மூடிய வேனுக்குள் நின்று சாம்பார் கொதிக்க வைத்துப் பாருங்கள். மேலே தகரக் கூரை, கீழே அடுப்பு, ஜன்னல் வழியே வருவதும் அனல்காற்று. சமைத்து முடித்தபின் ஒரு மணி நேரம் உள்ளே உட்கார முடியாது. தரங்கம்பாடியில் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி மரநிழலில் வண்டியை நிறுத்தியிருந்தோம், வெளியே அருமையான கடல்காற்று, உள்ளே என் மனைவி வியர்த்து ஊற்றிக்கொண்டு மீன் வறுக்கிறாள். "ஏங்க, இந்த அடுப்பைத் தூக்கி வெளியில வைக்க முடிஞ்சா போதுங்க, எனக்கு வேற ஒண்ணுமே வேண்டாம்" என்றாள். அடுப்பு மேடையில் பதித்தது, காஸ் குழாய் பலகைக்குள் ஓடுகிறது, தூக்க முடியாது. அடுத்த வேனைப் பற்றிய யோசனை எனக்கு ஆரம்பித்தது அந்த ஒரு வார்த்தையில்தான்.

ஏ.சி. கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர் அவர்) டியூபுலர் பேட்டரி இரண்டு இருந்தன. பெருக்கிப் பார்த்தால் 3,600 வாட் அவர், அதாவது எத்தனை வாட் சாமான் எத்தனை மணி நேரம் ஓடும் என்கிற கணக்கு. டியூபுலர் என்பது லெட் ஆசிட் வகை, அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக நிஜத்தில் 1,800. 1 டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும், இன்வெர்ட்டரில் போகிற இழப்பு வேறு. ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் பன்னிரண்டு மணிக்குள் கதை முடிந்தது. யாராவது வீட்டு வாசலில் நிறுத்தி ஒயர் இழுத்தால்தான் ஏ.சி., அங்கே போனால் வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாமே. கூரையில் பொருத்திய சோலார் இன்னொரு சங்கடம். பேட்டரி ஏற வேண்டுமானால் வண்டி வெயிலில் நிற்க வேண்டும், வெயிலில் நின்றால் உள்ளே இருக்க முடியாது. மூன்று வருடமும் நிழலா கரண்டா என்று இதே இழுபறிதான்.

அப்புறம் ஈரம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வண்டி கொட்டகையில் சும்மா நிற்கும். கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை. இழுப்பறைகளின் முகப்பு எம்.டி.எஃப். பலகை, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது, ஈரம் குடித்து ஓரமெல்லாம் பொரிபோல உப்பிவிட்டது. பட்டறையில் கேட்டபோது தண்ணீர் தாங்குகிற மரைன் பிளைவுட் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள், ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் பாதிக்கு மேல் எம்.டி.எஃப். என்று தெரிந்தது. நீங்கள் செய்வதானால் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பலகைதானா என்று அறுப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிடுங்கள். வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு கை வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள், தண்ணீர் ஏறுவது அந்த ஓரத்தில்தான்.

எல்லாவற்றையும்விட எங்களை அலைக்கழித்தது எலி. அறுவடை முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வரும், இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2021 மாசியில் ஒரு நாள் விளக்குகள் எரியவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது. காலையில் ஆரம்பித்து அடுப்பு மேடையின் கீழ்ப்பலகை, சிங்கின் பக்கவாட்டு, கட்டிலின் அடிப்பலகை என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஐம்பது ஸ்க்ரூவுக்கு மேல் இருக்கும். தொட்டிக்குப் பின்னால், கையே நுழையாத ஒரு சந்தில், வைக்கோலும் கிழிந்த திரைத்துணியும் எங்கள் பெண்ணின் ஒற்றைச் சாக்ஸும் சேர்த்துக் கட்டிய கூடு. உள்ளே கண் திறக்காத ஐந்து குஞ்சுகள். பக்கத்தில் வயரின் தோல் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து செம்பு பளபளவென்று தெரிகிறது. காஸ் குழாய் அங்கிருந்து ஒரு அடி தூரம்கூட இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதுதான் பொருத்திய வேனின் உண்மையான ஆபத்து.

2022-ல் அதை விற்றோம். கேரவன் ஆசையில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு நம் அமைப்பு பிடிக்க வேண்டும், உள்வேலைக்குப் போட்ட பணத்தில் பாதிகூட வரவில்லை.

இரண்டாவது வண்டி டிராவலர் 3050, கொஞ்சம் குட்டை. ஆற்றுக் கரைச் சாலையில் எதிரே அறுவடை மெஷின் வந்தால் பின்னாலேயே போய் ஒதுங்கக் குட்டை வண்டிதான் சௌகரியம். பழைய வண்டியாக வாங்கினோம், முன்னால் ஐந்து இருக்கை, பின்னால் எட்டு அடி காலி, ஆர்.சி.யிலும் அப்படியே பதிவு. இதைக் கட்டாயம் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. இருக்கையை நீங்களாகக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் மாட்டிக்கொள்வீர்கள். முழு கேரவனாகச் செய்கிறவர்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவிதியே உண்டு, பட்டறைக்காரரிடம் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே செய்தது இவ்வளவுதான். கூரைக்கும் பக்கங்களுக்கும் வெப்பம் தடுக்க அரை அங்குல நைட்ரைல் ரப்பர் ஃபோம். தரையில் பிளைவுட், மேலே பஸ்ஸில் போடுகிற வினைல் விரிப்பு. எல்லா வயரும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளிப்பக்கக் குழாயில். ஜன்னல்களுக்கும் பின்கதவுக்கும் காந்தம் வைத்துத் தைத்த கொசுவலை, வெண்ணாற்றங்கரையில் ஒரு ராத்திரி இல்லாமல் படுத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். மற்றதெல்லாம் பெட்டி. ஊர் ஆசாரி செய்துகொடுத்த ஒரு அடுப்படிப் பெட்டி, இரண்டு துணிப் பெட்டி, அந்தப் பெட்டிகளின்மேல் விரிக்கிற மூன்று பலகைகள், அதுதான் கட்டில். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் மூன்று. காலியானதை மட்டும் எடுத்துப்போய் நிரப்பினால் போதும், தொட்டி கழுவுகிற வேலையே இல்லை. மொத்தம் 1,90,000 ரூபாய். எடைமேடையில் நிறுத்திப் பார்த்தோம், பழைய வண்டியின் உள்வேலை 600 கிலோவுக்கு மேல், இது தண்ணீரோடு சேர்த்து 210. மைலேஜ் 8-லிருந்து 11 ஆனது, வண்டி குட்டையானதும் அதில் ஒரு காரணம்.

பேட்டரி இப்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட் 100 ஏ.எச்., அதாவது 1,280 வாட் அவர், அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது இன்ஜின் சுழற்றுகிற மின்னாக்கியிலிருந்து, கரண்டை அளவோடு விடுகிற டி.சி. டு டி.சி. சார்ஜர் வழியாக ஏறுகிறது. நேரடியாகக் கொடுக்காதீர்கள், லித்தியம் இழுக்கிற வேகத்தில் ஆல்டர்னேட்டர் சூடாகிவிடும். ஏ.சி. இல்லை. 30 வாட் மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம் ஓடினாலும் 480 தான். மடக்குகிற 200 வாட் சோலாரை நீள ஒயரில் வெயிலில் விரித்துவிட்டு வண்டியை நிழலில் நிறுத்திவிடுகிறோம். மூன்று வருடச் சண்டை ஒரே நாளில் தீர்ந்தது.

இந்த வேன் எங்களுக்கு உண்மையில் எதற்கு உதவியது என்றால், சுற்றுலாவைவிட மற்றதற்குத்தான் அதிகம். போன வருடம் கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல் ஒன்பது நாள் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், திடீரென்று மழை தூறினால் ஓடிப்போய்ப் படுதா போட வேண்டும், குவியலை விட்டு நகர முடியாது. அந்த ஒன்பது ராத்திரியும் வேனில்தான் படுத்தேன். பெட்டிகளை வீட்டில் இறக்கிவிட்டு இரண்டு பலகையும் ஒரு மின்விசிறியும் ஒரு கேன் தண்ணீரும் மட்டும், மீதி இடமெல்லாம் படுதாவும் சாக்கும் கயிறும். பக்கத்துக் குவியல்காரர்கள் இரண்டு பேரும் மழை வந்தபோது உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பழைய கேரவனில் சேற்றுக் காலோடு யாரையும் ஏறச் சொல்ல மனம் வந்திருக்காது. இதில் மறுநாள் பெட்டி இல்லாத தரையைப் பைப் போட்டுக் கழுவிவிட்டேன், எலி ஒளிய ஒரு சந்து கிடையாது.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் இறக்கி ஏற்ற இருபது நிமிடம் ஆகிறது, ராத்திரி பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த இருபது நிமிடம் மிகவும் கசக்கும். பெட்டிகளை, கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற ராட்செட் பெல்ட்டால் தரை வளையத்தோடு இறுக்கியே தீர வேண்டும். ஒரு முறை டீ குடித்துவிட்டுப் பெல்ட் போட மறந்து கிளம்பி, ஆடு குறுக்கே வந்ததால் பிரேக் போட்டேன். 35 கிலோ அடுப்படிப் பெட்டி வழுக்கி வந்து இருக்கையின் முதுகில் இடித்தது, அங்கே என் பையன் உட்கார்ந்திருந்தான். அடி இல்லை, ஆனால் அன்றிலிருந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்க்காமல் சாவி போடுவதில்லை. சிலிண்டர் 5 கிலோ, பின்கதவு ஓரம் நிமிர்த்தித் தனியாகக் கட்டியிருக்கிறோம், கீழே தரையில் காற்றுத் துளை உண்டு. காஸ் காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

கழிப்பறைதான் இன்னும் சரியாகவில்லை. தூக்கி வைக்கிற ரசாயனக் கழிப்பறை ஒன்று வாங்கினோம், வெளியே கூடாரம் போட்டால் பூம்புகார் காற்றில் நிற்கவில்லை, பிடுங்கிக்கொண்டு போனது. இப்போது வண்டிக்குள்ளேயே பின்மூலையில் கம்பி போட்டு கனத்த திரை. நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம், அம்மா வரத் தயங்குகிறார்கள். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் மாட்டைப் பார்த்துக்கறேன்" என்கிறார்கள், காரணம் மாடு இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் முழங்கால் வலியோடு ஒருவர் உங்களோடு வருவதாக இருந்தால், கட்டிலையும் அடுப்பையும் கழற்றுகிற மாதிரி வைத்துக்கொண்டு கழிப்பறையை மட்டும் கதவு போட்டு நிலையாகக் கட்டிவிடுங்கள். கைப்பிடிக் கம்பி இரண்டு பக்கமும் வேண்டும்.

நாங்களும் இந்த மாசிக்கு முன் அதைத்தான் செய்யப்போகிறோம். மூன்றடிக்கு இரண்டரை அடி, அலுமினியச் சட்டம், ஒரு துணிப் பெட்டி குறையும். அளவு எடுக்க ஆசாரியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், கைப்பிடியின் உயரத்தை அம்மாவை உள்ளே உட்காரவைத்துத்தான் குறிக்க வேண்டும்.